பெரியவரின் பெட்ரோல் குழாய்

எங்கள் வீட்டில் 'அவர்' என்ற மரியாதை ஒருவருக்குத்தான் உண்டு. அவருக்கு நான்கு சக்கரம், கரும்பச்சை நிறம், வயது அறுபத்திரண்டு. அப்பா காலத்திலிருந்தே அவர் பெயர் பெரியவர். "பெரியவருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல", "பெரியவருக்கு வெயில் ஆகாது" என்றுதான் அண்ணன் பேசுவான். அண்ணியைக் கூப்பிட அவனுக்கு 'இங்க பாரு' போதும். எனக்கு 'டேய்'.

ஆகவே இதை எழுதும்போது ஒரு சின்ன நியாயம் செய்துகொள்கிறேன். அண்ணியை 'அவர்' என்றும் அண்ணனை 'அவன்' என்றும் எழுதுவேன். அண்ணன் வாசிக்க நேர்ந்தால் அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம். நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊராருடைய தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழிப்பேன். வீட்டில் மட்டும் வாய் திறப்பதில்லை.

பெரியவரின் பூர்வீகத்தை அண்ணன் விருந்தாளிகளிடம் சொல்லும்போது ஏதோ அரண்மனைக் கொட்டகையிலிருந்து வந்தவர் போலிருக்கும். உண்மையில் அப்பா அவரை மூன்றாவது கையாக ஒரு கண் டாக்டரிடமிருந்து வாங்கினார். டாக்டருக்குப் பார்வை மங்கிவிட்டதால் விற்றார். மங்கியபிறகும் எவ்வளவு நாள் ஓட்டினார் என்பது இடப்பக்கத்து நசுங்கல்களைத் தடவிப் பார்த்தால் தெரியும். அண்ணன் அவற்றைச் 'சரித்திரத் தழும்பு' என்பான்.

அண்ணன் நூலகத்தில் துணை நூலகர். வாரத்தில் ஆறு நாள் புத்தகங்களுக்குத் தூசி தட்டுவான், ஏழாம் நாள் பெரியவருக்கு. அதற்கு மூன்று துணி வைத்திருந்தான். முதல் துணி தூசிக்கு, நடுத்துணி மெழுகுக்கு, கடைசித்துணி மினுமினுப்புக்கு. கடைசித்துணியில் ஒருமுறை அண்ணி தெரியாமல் கை துடைத்துவிட்டார். ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மெழுகு எட்டும் இடம் வரைக்கும்தான் கார் என்பது அண்ணனுடைய எண்ணம். கதவுக்குக் கீழே, தரைக்கு மேலே ஒரு பகுதி இருக்கிறது, அதற்குள்ளும் சாமான்கள் இருக்கின்றன என்பதை, அப்பாவுக்குப் பிறகு பெரியவர் தன் கைக்கு வந்த பதினான்கு வருடத்தில் அவன் ஒருமுறைகூடக் குனிந்து சோதித்ததில்லை.

அண்ணி குளிர்பதன மெக்கானிக். தெருவில் 'ஃப்ரிட்ஜ் அக்கா' என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். ரத்த வங்கியின் குளிர்பெட்டி, மீன் கிடங்கின் குளிரறை, ஐஸ் தொழிற்சாலை என்று அவருடைய சின்ன வேன் நாள் முழுதும் சுற்றிக்கொண்டிருக்கும். செம்புக் குழாயை முழங்காலில் வைத்து வளைத்தால் பாத்திரக் கைப்பிடி மாதிரி அழகாக வளையும். பற்ற வைத்த இடத்தில் விரலை ஓட்டினால் தடம் தெரியாது. எந்த மெஷினிலும் எங்கே கசிகிறது என்று கருவியை எடுப்பதற்குள் அவர் மூக்கு சொல்லிவிடும். அப்படிப்பட்டவரை அண்ணன் சங்கத்து நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "என் ஒய்ஃப், கூலிங் சம்பந்தமா ஏதோ பண்றா" என்பான். திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த 'ஏதோ' என்னவென்று தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சங்கம் என்றது பழைய கார் வைத்திருப்போர் சங்கம். பதினேழு உறுப்பினர்கள், பதினேழு கார்கள். அவற்றில் ஓடுபவை பதினொன்று. மாதம் ஒரு கூட்டம், வருடம் ஓர் அணிவகுப்பு. சங்கத்தின் வேதவாக்கு ஒரே சொல்: ஒரிஜினல். திருகாணி முதல் திரைச்சீலை வரை தொழிற்சாலையிலிருந்து வந்தது எதுவோ அதுவே இருக்க வேண்டும். இதைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார். எடை, அளவு சோதிக்கும் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைத்தடி நுனியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, கார்களுக்கு அடியில் நீட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் பெயரே எல்லாருக்கும் மறந்துபோய் 'ஒரிஜினல் சார்' ஆகிவிட்டார்.

எங்கள் வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். கீழே அண்ணன் குடும்பம். மகள் வெளியூரில் படிக்கிறாள், விடுமுறைக்கு வருவாள். மாடியில் நான். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில், வீட்டிலேயே நல்ல காற்று வரும் இடத்தில், பெரியவரின் கொட்டகை. கொட்டகைக்கும் சமையலறைக்கும் ஒரே சுவர், அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு காற்றுத் துளை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர், இந்தப் பக்கம் கேஸ் அடுப்பு.

போன வருடம் வெயில் தொடங்கிய சமயம் சமையலறையில் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்தது. அண்ணி பால் காய்ச்ச வந்தவர் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றார். நேராகக் கொட்டகைக்குப் போய் மண்டியிட்டுப் பார்த்தார். வண்டியின் நடுவயிற்றில் ஒரு துளி திரண்டு, யோசித்து, விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த துளிக்கு நாற்பது விநாடி.

"என்னங்க, பெட்ரோல் லைன் ஒழுகுது," என்றார் காலைச் சாப்பாட்டின்போது.

"ஒழுகல. அது பெரியவரோட வாசனை," என்றான் அண்ணன். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். அதுக்காகவே சில பேர் வந்து மோந்து பார்த்துட்டுப் போறாங்க."

"மோந்து பார்த்துட்டு அவங்க வீட்டுக்குப் போயிடறாங்க. நான் இங்கதான் அடுப்பு பத்த வைக்கணும். பெட்ரோல் ஆவி கனமா இருக்கும், தரையோட தரையா ஊர்ந்து வரும். அந்தத் துளை வழியா நேரா உள்ள வருது."

அண்ணன் விஷயத்தை உரிய தீவிரத்துடன் எடுத்துக்கொண்டான். அன்று மாலையே ஒரு பழைய சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கொண்டுபோய்த் துளி விழும் இடத்தில் வைத்தான். அதையும் துடைத்து மினுக்கித்தான் வைத்தான்.

அண்ணி விடவில்லை. பெரியவருடைய கையேட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளுக்கும் அண்ணன் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். மெழுகு பூசும் முறை பற்றிய பக்கத்தில் மட்டும் பென்சில் கோடுகள். அண்ணி நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். ரப்பர் குழாய்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக என்று இருந்தது.

"உங்க தொழிற்சாலைக்காரங்களே சொல்லியிருக்காங்க. நீங்க முப்பது மாத்தல் பாக்கி வச்சிருக்கீங்க."

அண்ணன் வெகுநேரம் அந்த வரியைப் படித்தான். "இது அந்தக் காலத்து ரப்பருக்குச் சொன்னது," என்றான் கடைசியில்.

"நம்ம வண்டில இருக்கறதும் அந்தக் காலத்து ரப்பர்தானே?"

அண்ணன் கையேட்டை வாங்கி உறையைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டான். வாதத்தில் அவனுக்கு இடம் கொடுக்காத புத்தகங்களை நூலகத்திலும் இப்படித்தான் வைப்பான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு ஒரிஜினல் சாரை வரவழைத்தான். அவர் கைத்தடிக் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்து, ஐந்து நிமிடம் பார்த்தார். பெரிய மருத்துவர் மாதிரி நிமிர்ந்தார்.

"அசல் குழாய். தொழிற்சாலையில போட்டது. இதைத் தொட்டீங்கன்னா வண்டியோட கற்பே போச்சு."

"ஒழுகுதே சார்," என்றார் அண்ணி.

"ஒழுகும்மா. வயசானவங்களுக்கு இதெல்லாம் சகஜம். அந்தக் கம்பெனி மூடி நாளாச்சு. ஆனா வெளிநாட்டுல ஒருத்தர் பழைய ஸ்டாக் வச்சிருக்கார். எழுதிப் போட்டா எட்டு மாசத்துல வரும். அசல் ரப்பர், பிரிக்காத பொட்டலம்."

"அறுபது வருஷமா அலமாரில இருந்த ரப்பரா?"

"ஆமாம்மா. துளிக்கூடப் பயன்படுத்தாதது," என்றார் அவர் பெருமையோடு.

அண்ணி குனிந்து மூடியில் சேர்ந்திருந்த பெட்ரோலைப் பார்த்தார். விரல் கனம் இருந்தது. அன்றைக்கே சிமென்ட் குழைத்துச் சுவர்த்துளையை அடைத்தார். அண்ணன் எழுதிப் போட்டான். எட்டு மாதத்தை எண்ண ஆரம்பித்தோம். துளி இருபத்தைந்து விநாடிக்கு ஒன்றானது, பிறகு பதினெட்டு.

மூன்றாவது மாதம் அண்ணனுக்கு நூலகர்கள் மாநாடு வந்தது. நான்கு நாள், வேறு ஊரில். கிளம்பும்போது பெரியவரின் முன்விளக்கைத் தட்டிக்கொடுத்து விடைபெற்றான். எங்களைப் பார்த்து, "அவரைப் பார்த்துக்கோங்க," என்றான்.

"பார்த்துக்கறோம்," என்றார் அண்ணி. அவன் போன ஆட்டோ திரும்புவதற்குள் என்னைப் பார்த்தார். "தம்பி, அச்சகத்துல ரெண்டு நாள் லீவு கிடைக்குமா?"

எனக்கு வயது நாற்பத்தாறு. பேனாவைவிடக் கனமான கருவியைப் பிடித்ததில்லை. அண்ணனுக்குப் பயப்படுவதில் மட்டும் நல்ல அனுபவம் உண்டு. "அண்ணி, அண்ணாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அண்ணாவுக்கு அடியில பார்க்கற பழக்கம் இல்ல தம்பி."

பெரியவரைத் தள்ளிக்கொண்டுபோய் முற்றத்தில் வெட்டவெளியில் நிறுத்தினோம். அண்ணி முதலில் கேஸ் சிலிண்டரை மூடினார். இரண்டு நாளைக்குச் சமையல் இல்லை, கடைச் சாப்பாடு. வேனிலிருந்து தீயணைப்பு உருளையை எடுத்து என் காலடியில் வைத்தார். என் கைப்பேசியை வாங்கி வீட்டுக்குள் வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு தொட்டியில் இருந்த பெட்ரோலை இரும்புக் கேனில் வடித்து மூடி, வேலிப்பக்கம் தள்ளி வைத்தார். இவ்வளவும் ஆன பிறகுதான் பாயை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து முன்னால் இருக்கும் பம்புவரை சட்டத்தை ஒட்டி ஓர் இரும்புக் குழாய் ஓடியது. இரண்டு முனையிலும் விரற்கடை நீளத்துக்கு ரப்பர். பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு இன்னொரு ரப்பர். அவ்வளவுதான் சங்கத்தின் கற்பு. தொட்டிப்பக்கத்து ரப்பரை அண்ணி லேசாக மடக்கினார். பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது.

நட்டுகள் அசையவில்லை. அண்ணி எண்ணெய் விட்டுவிட்டு வெளியே வந்தார். "நாளைக்குக் காலைல பார்க்கலாம். இப்போ பலம் காட்டினா நட்டு உருண்டுடும்." அண்ணனாக இருந்தால் பலம் காட்டியிருப்பான். நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் நட்டுகள் சாதுவாகச் சுழன்றன. பழைய குழாயை ஒடிக்காமல் ஒரே துண்டாக உருவி எடுத்தார். சிமென்ட் தரையில் கிடத்தி, சாக்பீஸால் அதன் வளைவுகளைச் சுற்றி வரைந்தார். எட்டு வளைவு. பிறகு வேனிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு சுருள் குழாயை எடுத்து வந்தார்.

"உங்ககிட்டதான் செம்புக் குழாய் நிறைய இருக்குமே அண்ணி?"

"ஃப்ரிட்ஜ் ஒரே இடத்துல நிக்கும் தம்பி. இது ஓடற வண்டி. குலுங்கிக் குலுங்கி செம்பு இறுகி, ஒரு நாள் வெடிப்பு விடும். இது செம்புல நிக்கல் கலந்தது. தாங்கும், துருவும் பிடிக்காது."

ரம்பம் போட்டால் பொடி உள்ளே போகும் என்று சக்கரக் கத்தியைச் சுற்றிச் சுற்றி வெட்டினார். முனையின் பிசிறை வழித்தார். நட்டை முதலில் குழாயில் கோத்துவிட்டுத்தான் முனையைப் பூப்போல விரிக்க வேண்டும். மறந்துவிட்டால் விரிந்த முனையை வெட்டியெறிய வேண்டியதுதான். இதை எனக்கு விளக்கிக்கொண்டே அண்ணி ஒரு முனையை நட்டுக் கோக்காமல் விரித்துவிட்டார். இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"இனிமே நீங்க கேள்வி கேக்காதீங்க தம்பி," என்றார்.

பிறகு வளைக்க ஆரம்பித்தார். நான் வாயே திறக்கவில்லை. சாக்பீஸ் கோட்டின் மேல் குழாயை வைப்பார், எடுத்து வளைப்பார், மறுபடி வைப்பார். எட்டாவது வளைவு முடிந்தபோது வெள்ளைக் கோடு எங்கும் தெரியவில்லை. குழாய் அதை முழுக்க மறைத்திருந்தது. நான் முப்பதாயிரம் பக்கம் பிழை திருத்தியிருக்கிறேன். பிழையே இல்லாத ஒரு வரியை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழாயை வண்டியில் ஏற்றி, ரப்பர் வைத்த பட்டிகளால் சட்டத்தோடு பிடித்தார். புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே போகும்படி பார்த்துக்கொண்டார். ஒரு முனையை அடைத்து மறுமுனையில் மெதுவாகக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். குமிழ் வருகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். வரவில்லை. அப்புறம் புது ரப்பர் குழாய்கள், புது வடிகட்டி. பெட்ரோலை ஊற்றி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினார். பெரியவர் பத்து விநாடி முனகினார், இருமினார், எழுந்தார். அவ்வளவு அமைதியாக அவர் உறுமி நான் கேட்டதில்லை.

கொட்டகையில் நிறுத்தியபோதுதான் கவனித்தேன். கரிபிடித்த வயிற்றில் அந்தக் குழாய் மட்டும் பல் மாதிரி பளிச்சென்று இருந்தது. அண்ணி குளிக்கப் போன நேரம், பழைய கிரீஸை விரலில் எடுத்துக் குழாய் நெடுகப் பூசினேன். பிழையை எடுப்பது என் தொழில். கைவேலை செய்த ஒருவரின் சுத்தமான வரியில் நானே பிழை போட்டது அன்று மட்டும்தான்.

அண்ணன் திரும்பி வந்தான். கொட்டகையில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"வாசனை குறைஞ்ச மாதிரி இருக்கே?"

"காத்து திசை மாறிடுச்சு," என்றார் அண்ணி.

மூடி காய்ந்து கிடப்பதைப் பார்த்து அவன் மகிழ்ந்துபோனான். பெரியவர் தானாகவே குணமாகிவிட்டார், பழைய காலத்து இரும்புக்கு அந்தச் சக்தி உண்டு என்று ஒரிஜினல் சாருக்குத் தொலைபேசியில் சொன்னான். அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

அணிவகுப்புக்கு ஒரு மாதம் முன்பு சான்றிதழ் சோதனை. ஒரிஜினல் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார், கூடவே நான்கு உறுப்பினர்கள். கைத்தடிக் கண்ணாடி அடியில் போனது. அவர் அசையாமல் பார்த்தார். பிறகு முட்டி போட்டார். அவர் முட்டி போட்டு அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் இங்க வாங்க. இந்தக் குழாயைப் பாருங்க. அந்த வளைவைப் பாருங்க. ஒரு நசுங்கல் இருக்கா? ஒரு சுருக்கம் இருக்கா? அந்தக் காலத்துத் தொழிலாளி கை. இன்னிக்கு எவனுக்கு வரும் இது?"

நான்கு பேரும் வரிசையாகக் குனிந்து பார்த்து 'அடடா' என்றார்கள். எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று அண்ணனைக் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல. அன்புதான். வாரா வாரம் தொட்டுப் பேசுவேன்," என்றான் அவன். அண்ணி தட்டில் தேநீர் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு மட்டும் புரையேறி, உள்ளே ஓட வேண்டியதாயிற்று.

எல்லாரும் போன பிறகு அண்ணியிடம் கேட்டேன். "வயித்தெரிச்சலா இல்லையா அண்ணி? சொல்லியிருக்கலாமே."

அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி யாரு தம்பி எட்டிப் பார்க்கறாங்க? குளிருதான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. என் வேலையை ஒருத்தர் முட்டி போட்டுப் பார்த்தது இதான் முதல் தடவை." அடுத்த கோப்பையை எடுத்தார். "யாரோட வேலைன்னு தெரியாமதான் பார்த்தார். ஆனாலும் பார்த்தாரில்ல?"

கோப்பையைத் துடைத்துக் கொடுத்தேன்.

அணிவகுப்பு நாள் வந்தது. பதினொரு கார்கள் ஊரைச் சுற்றி வந்து ஒரு பூங்கா மைதானத்தில் நின்றன. பெரியவர் கண்ணாடிக்குள் சான்றிதழ் தெரிந்தது. அண்ணன் கழுத்தில் சங்கத்துப் பட்டை கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி ஐஸ் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டு வேனில் நேராக அங்கே வந்திருந்தார்.

பல் டாக்டர் ஒருவரின் சிவப்புக் கார் எங்களுக்குப் பக்கத்தில் இன்ஜின் ஓடியபடி நின்றது. அதற்கும் அசல் சான்றிதழ் உண்டு. டாக்டர் புகைப்படத்துக்காக இன்ஜின் மூடிமேல் சாய்ந்திருந்தார். திடீரென்று சூடு தாங்காமல் விலகினார். மூடியின் இடுக்கில் புகை, பின்னால் மஞ்சளாக ஒரு நாக்கு.

சங்கத்தின் அனுபவம் முழுவதும் செயலில் இறங்கியது. ஒருவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். ஒருவர் கையேட்டைத் தேடினார். ஒரிஜினல் சார் கைத்தடிக் கண்ணாடியை நீட்டி எங்கிருந்து எரிகிறது என்று பார்த்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க. மூடியை முழுசாத் திறக்காதீங்க," என்று அண்ணியின் குரல் கேட்டது. கையில் தீயணைப்பு உருளை. டாக்டரை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளி, சாவியை அணைக்கச் சொல்லி, மூடியை நான்கு விரல் மட்டும் தூக்கி, அந்த இடுக்கில் பொடியைப் பீய்ச்சினார். இரண்டு மூச்சுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துப் பார்த்து அடித்தார். அரை நிமிடத்தில் எல்லாம் வெள்ளையாகி, அடங்கியது.

"பெயிண்ட்டு போச்சே," என்றார் டாக்டர். அவருடைய ஒரு புருவமும் போயிருந்தது. அதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அண்ணி மூடியைத் திறந்து, வெந்துபோன ஒரு ரப்பர்த் துண்டை இடுக்கியால் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "இதான். அசல்," என்றார். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் கழற்றாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் முதன்முறையாக அவன் குனிந்தான். பிறகு படுத்தான். பிறகு உள்ளே ஊர்ந்தான்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது நெற்றியில் நான் பூசிய கிரீஸ். "இங்க வாங்க ரெண்டு பேரும்," என்று கூப்பிட்டான். என்னோடு அண்ணியும் சேர்ந்ததால் 'வாங்க' ஆனதா, நிஜமாகவே மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்த ரப்பர்ல போன வருஷத் தேதி அச்சடிச்சிருக்கு," என்றான்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஊரெல்லாம் அச்செழுத்தைப் படித்துப் பிழைப்பவன், குழாய் முழுக்கக் கிரீஸ் பூசிவிட்டு, அச்சடித்த இடத்தை மட்டும் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

"நான்தான் மாத்தினேன்," என்றார் அண்ணி. "நீங்க மாநாட்டுக்குப் போனப்போ."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எட்டு தடவை கேட்டேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஒருவேளை எண்ணிப் பார்த்தானோ என்னவோ. "அப்போ அந்தச் சர்டிபிகேட்?" என்றான். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இதுவும் ஒரு கட்டம்.

அண்ணி பதில் சொல்லாமல் பரணில் இருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலத்தை இறக்கினார். பழைய குழாய். தூக்கி எறிந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். தேதியெழுதி வைத்திருந்தார். அண்ணன் கையில் வாங்கித் தட்டினான். உள்ளிருந்து துரு, செங்கல் பொடி மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் நகத்தால் அழுத்தினான். நகம் உள்ளே போனது.

"பாப்பா லீவுக்கு வந்தப்போ பின்சீட்ல உக்கார வச்சு ஆத்துப்பாலம் வரைக்கும் போனோமே," என்றான். "இதுலயா போனோம்?"

"இதுலதான்."

அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கைகளைக் கடைசித்துணியில் துடைத்தான். அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மாடிக்குப் போய்விட்டேன். கேலி செய்ய என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். அன்றைக்கு இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். அண்ணன் சமாளிப்பான், 'என் மேற்பார்வையில் மாற்றினேன்' என்பான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து நின்றான். சான்றிதழை மேஜைமேல் வைத்தான். "நீங்க பாராட்டின குழாய் அசல் இல்ல. என் மனைவி கையால வளைச்சது. எனக்கே தெரியாது. நான் அடியில பார்த்ததே இல்ல," என்றான். உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்," என்றார் ஒரிஜினல் சார்.

சான்றிதழைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று மூன்று கூட்டம் விவாதித்தார்கள். முடிவில் ஒரு புதுப் பிரிவையே உண்டாக்கினார்கள்: 'பாதுகாப்பு கருதி மாற்றப்பட்ட அசல்'. அந்தச் சொற்றொடரைப் பிழை திருத்தித் தரும்படி என் அச்சகத்துக்கே அனுப்பினார்கள். எவ்வளவு யோசித்தும் எங்கே சிவப்பு மை போடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் ஒவ்வொருவராக, மற்றவர்களுக்குத் தெரியாமல், எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் பல் டாக்டர், முளைக்கிற புருவத்தோடு. அண்ணி மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கார்க்காரர் பழைய துணி உடுத்தி, அவரே பாயில் படுத்து, அடியில் டார்ச் பிடிக்க வேண்டும். டிரைவரை அனுப்பக் கூடாது. தம்பியை அனுப்பக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் இப்போது குழாய் முனையை விரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். முதல் ஆறு முனையும் சோப்பு நுரையில் கொப்பளித்தன. ஏழாவது பரவாயில்லை என்றார் அண்ணி. அதை அவன் சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினான். யாராவது அண்ணியைப் பற்றிக் கேட்டால், "குளிர்பதன மெக்கானிக். குழாய் வேலைல அவங்களை அடிச்சிக்க ஆளில்ல," என்கிறான். மெழுகு மட்டும் இன்னும் விடவில்லை.

போன மாதம் கடைசியாக ஒரிஜினல் சார் வந்தார். சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், தன்னுடைய வண்டிக்கு ஒன்றுமில்லை, சங்கத்தின் ஒருமைப்பாட்டுக்காகத்தான் வந்தேன் என்றார். அண்ணி பாயைக் காட்டினார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கியபடி அவர் தன் காருக்கு அடியில் நுழைந்தார். பக்கத்தில் அண்ணி. இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் தேநீரோடு நின்றிருந்தேன். கேட்டது இதுதான்:

"சார், இது எவ்வளவு நாளா ஒழுகுது?"

"ஒழுகல. அது வேர்க்குது."

"உங்க மூக்குக்கண்ணாடில விழுந்துச்சே இப்போ."

"ரெண்டு வருஷமா," என்றார் அவர், மெல்ல.

"சரி, கண்ணாடியைத் துடைச்சுக்கோங்க. டார்ச்சை இந்தப் பக்கம் பிடிங்க. கை நடுங்கக் கூடாது."